ஹார்லி லேன் பரீதாவின் கைக்கு வந்தபோது

ஹார்லி லேனில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அது முதலில் தெரிவது பரீதாவுக்கு. இரண்டாவதாகத் தெரிவது அரசாங்கத்துக்கு. இடையில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் நேரம்தான்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து போகும் அந்தக் குறுகலான சந்தில் பரீதா தையல் சாமான் கடை வைத்திருந்தார். லேஸ், பொத்தான், ஜிப், லைனிங் துணி, புடவைக்குத் தைக்கும் ஃபால்ஸ் என்று தையற்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருடம் ஒரு கணினி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓர் உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளர் என்ற நிலைவரை உயர்ந்தவர். மாமனார் காலமான பிறகு கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. கணவர் ரஃபீக் பேருந்து ஓட்டுநர். ஸ்டியரிங்கை விட்டு இறங்க மாட்டேன் என்றார். பரீதா தொழிற்சாலைக்கு ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தார். வந்த முதல் வாரமே சாக்கடை மூடி உடைந்திருப்பதைக் கண்டு தொலைபேசியை எடுத்தார். அதற்குப் பிறகு வைக்கவே இல்லை என்று ரஃபீக் சொல்லிச் சிரிப்பார்.

அந்த லேன் ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர். விளக்கு ஓர் அமைப்பின் பொறுப்பு, சாலை இன்னொன்றின் பொறுப்பு, சாக்கடை வேறொன்று, மரம் வேறொன்று, குப்பை இன்னொன்று. ஒரு தடவை மழைக்காற்றில் மரக்கிளை முறிந்து சாக்கடை மூடியின் மேல் விழுந்தது. மரத்துக்குப் பொறுப்பானவர்கள் மறுநாளே வந்து கிளையை மட்டும் அழகாக அறுத்து எடுத்துப் போனார்கள். உடைந்த மூடி அப்படியே கிடந்தது. அது எங்களுடையது இல்லை என்று ஒருவர் சொன்னார். அந்த இடம் தனியார் நிலத்தில் வருகிறதா என்று வரைபடம் பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். பல வாரங்கள் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுத்தான் சனங்கள் நடந்தார்கள். பலகை பரீதா கடையின் பழைய அலமாரித் தட்டு.

யாரும் அவரிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். ஒவ்வொரு தடவையும், உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம், உரிய அமைப்புக்கு அனுப்பிவைக்கிறோம் என்று பணிவாகப் பதில் வரும்.

கொவிட் காலம் முடிந்து கடைகள் திறந்தபோது லேனில் மூன்றில் ஒரு பங்குக் கதவுகள் திறக்கவே இல்லை. தையற்காரர்கள் இருவர் வயதைக் காரணம் சொல்லித் தொழிலை முடித்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் கைபேசியில் வாங்கப் பழகிவிட்டார்கள். பகலில் லேன் முழுக்கச் சரக்கு லாரிகள், மாலையில் காலி அட்டைப்பெட்டிகள். சிராங்கூன் சாலையில் கூட்டம் அலைமோதும். பத்தடி தள்ளி இருக்கும் ஹார்லி லேனுக்குள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் அனுப்ரியா வந்தாள். நகரத் திட்டமிடலைக் கவனிக்கும் ஓர் அரசாங்க அமைப்பில் அதிகாரி. முப்பது வயதிருக்கும். கையில் கணினியோடு, வெயிலில் சிவந்த முகத்தோடு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி எல்லோரையும் சமூக மன்றத்துக்கு அழைத்தாள். கடைக்காரர்களும் மேல்மாடிகளில் குடியிருப்பவர்களுமாக நாற்பது பேர் வந்தார்கள். அவள் சொன்ன விஷயம் இதுதான். நகரத்தில் சில பழைய பகுதிகளை மீண்டும் துடிப்பாக்க ஒரு முன்னோட்டத் திட்டம் வருகிறது. லேனுக்குள் வண்டி எப்போது வரலாம், கடைக்கு வெளியே யார் தட்டு வைத்து விற்கலாம், எங்கே கூடுதல் விளக்கு, யாரை வைத்துக் கூட்டிப் பெருக்குவது ஆகியவற்றையெல்லாம் இனி அந்த இடத்து மக்களே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு முடிவு செய்யும். அமைப்பு விதிகளின் எல்லையை மட்டும் போட்டுக் கொடுக்கும். சாக்கடையும் மரமும் மட்டும் பழையபடி அரசாங்கத்திடமே இருக்கும்.

இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மிஸ்டர் கோ கையைத் தூக்கினார். ஏதாவது தப்பாகப் போனால் யாருக்குத் திட்டு விழும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்களுக்குத்தான் என்றாள் அனுப்ரியா. எல்லோரும் சிரித்தார்கள். குழுவுக்கு ஆறு பேர் எப்படியோ தேறினார்கள். தலைமைக்கு ஒருவரும் முன்வரவில்லை.

காய்கறி மொத்த வியாபாரி சுந்தரேசன் எழுந்தார். லேனின் உள்கோடியில் அவர் கடை. பரீதாவுக்குப் பத்து வயது மூத்தவர். இருபது வருடமாகக் காலையில் இருவரும் ஒரே தேநீர்க் கடையில் தே வாங்கிக் குடிப்பவர்கள்.

"இத்தனை வருஷமா கவர்மெண்டுக்கு வேல சொல்லிக் குடுத்த ஆளு இங்கயே உக்காந்திருக்கு. இனி அதுவே செஞ்சு காட்டட்டும் லா" என்றார்.

பரீதாவுக்கு முகம் சூடானது. கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. ஆனால் அவர் மறுக்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு வரிசையை நடத்தியவர். ஒரு லேனை நடத்த முடியாதா என்று உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்பு பொய்யில்லை என்பது முதல் மாதத்திலேயே தெரிந்தது. லேனின் நடுவில் ஒரு விளக்கு அணைந்தது. குழு அமர்த்தியிருந்த ஒப்பந்தக்காரருக்குப் பரீதா சொன்னார். அன்று மாலையே அவர் ஏணியோடு வந்து மாற்றிவிட்டுப் போனார். பரீதா கல்லாவை விட்டு இரண்டு தடவை வெளியே வந்து அந்த விளக்கைப் பார்த்தார். யாருக்கும் அனுப்பிவைக்கப்படாத ஒரு விளக்கு.

கூட்டுகிறவர்களின் நேரத்தை மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளை யார் எங்கே வைப்பது என்று ஒழுங்கு வந்தது. பூட்டிக் கிடந்த கடைகளின் கதவுகளில் படம் வரைய ஒரு கலைக்கல்லூரியின் பிள்ளைகளை அழைத்தார்கள். அடுத்தது பெரிய முடிவு. மாலை ஐந்து மணிக்கு மேல் லேனுக்குள் வண்டிகளை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு தட்டுக்கடைகள் போட்டு, நடுவில் மேசை நாற்காலி வைத்தால் என்ன என்பது யோசனை. அலுவலகம் விட்டு ஃபேரர் பார்க் ரயிலுக்கு நடக்கும் சனங்கள் உள்ளே திரும்புவார்கள்.

சுந்தரேசன் வேண்டாம் என்றார். அவருடைய லாரி மலேசியாவிலிருந்து வருகிறது. எல்லைப் பாலத்தில் நெரிசல் இருந்தால் ஆறும் ஆகும், ஏழும் ஆகும். ஐந்து மணிக் கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது என்றார். குழுவில் மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். தீர்மானிக்கும் வாக்கு தலைவியுடையது. பரீதா சுந்தரேசன் முகத்தைப் பார்க்காமல், திட்டத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். லேன் பிழைக்க வேண்டும் என்றால் யாருக்காவது சிரமம் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தட்டுக்கடைகளுக்குக் கேட்டவர்கள் ஐம்பது பேருக்கு மேல். சீட்டுப் போட்டார்கள். மிஸ்டர் கோவின் மனைவி ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எல்லோர் முன்னாலும் சீட்டை எடுத்தார். உள்கோடியில் இருந்த ஓர் இடம் பரீதாவின் தங்கை ஃபஸீலாவுக்கு விழுந்தது. ஃபஸீலா ஹோட்டலில் வேலை பார்த்து, கொவிட்டில் அதை இழந்து, வீட்டிலிருந்தே கறி வைத்துப் பொரிக்கும் கறிபாப்பும் வலைபோல் சுடும் ரோட்டி ஜாலாவும் செய்து விற்றுக்கொண்டிருந்தவள். தலைவியின் தங்கைக்கு மட்டும் சீட்டு விழுகிறதே என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். பரீதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. டின்னுக்குள் கை விட்டது அவர் இல்லை.

திட்டம் எடுபட்டது. முதல் வாரம் சுமாரான கூட்டம்; மூன்றாவது வாரம் நாற்காலி போதவில்லை. மருதாணி வைப்பவளிடம் சீனப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் தம்பிமார்கள் நடுவில் உட்கார்ந்து ஊருக்குக் காணொளியில் பேசினார்கள். ஆடை வடிவமைப்புப் படிக்கும் மாணவிகள் சிலர் தற்செயலாகப் பரீதா கடைக்குள் நுழைந்து, அடியில் கிடந்த பழைய சரிகை லேஸையெல்லாம் தங்கம் கண்டதுபோல் அள்ளிப் போனார்கள். பூட்டிக் கிடந்த இரண்டு கதவுகளுக்கு வாடகைக்கு ஆள் வந்தது. வேறொரு பகுதியிலிருந்து அதிகாரிகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பரீதா நிமிர்ந்து நடந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. செய்தது அவர்தான்.

உள்கோடியில் நடந்தது வேறு. சுந்தரேசனின் லாரி பல நாள் ஆறரைக்கு வந்து பெரிய சாலையில் நின்றது. அங்கே நிறுத்தக் கூடாது. ஆகவே லாரி ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்க இடம் கிடைத்த நேரத்தில் அவருடைய ஆட்கள் கூடைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேசைகளுக்கும் சனங்களுக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து கடைக்குக் கொண்டுபோவார்கள். கொத்தமல்லியும் புதினாவும் லாரிக்குள்ளேயே வாடிப்போகும். இரண்டு உணவகங்கள் வேறு வியாபாரியிடம் போய்விட்டன. சுந்தரேசன் சத்தம் போடவில்லை. குழுவுக்கு முறைப்படி எழுதினார். பரீதா முறைப்படி பதில் அனுப்பினார். காலையில் தே குடிக்க அவர் வருவது நின்றது. வேலை அதிகம்போல என்று பரீதா நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைக்க விரும்பினார்.

ஒரு நாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், சுந்தரேசன் படியேறி வந்தார். எப்போதும் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், அன்று கல்லாவுக்கு வெளியே, சாமான் வாங்க வந்தவர்போல் நின்றார்.

"தங்கச்சி, அனுப்ரியா ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன். அது இப்ப எங்க கையில இல்ல, உங்க கமிட்டிகிட்டத்தான் கேக்கணும்னு சொல்லிட்டாங்க. அதான் கேக்க வந்திருக்கேன்."

உட்காருங்கண்ணே என்றார் பரீதா. அவர் உட்காரவில்லை.

"எழுதிக் குடுத்தேன். கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டோம்னு நீங்க அனுப்புனது கெடச்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த வாக்கியத்தைப் பரீதா யோசித்து எழுதவில்லை. கை தானாக எழுதியது. அதைப் படித்துப் படித்தே இருபது வருடம் எரிந்த ஆள் அவர். எழுதும் இடத்துக்கு வந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். சுந்தரேசனோ ஓர் அலுவலகம்வரை போய்த் திரும்பியிருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பிய இடம், அவர் கடையிலிருந்து இருபதடி தள்ளி இருக்கும் பரீதாவின் கடை.

நாளைக்கு நீங்க லாரி எறக்கும்போது நான் அங்க இருக்கேன் என்றார் பரீதா. சுந்தரேசன் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பரீதா கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுப் பெரிய சாலையில் போய் நின்றார். லாரி வந்தது, நிற்க முடியாமல் போனது, மறுபடி வந்தது. தள்ளுவண்டியோடு பரீதாவும் கூடவே நடந்தார். முதல் தடவை ஒரு குழந்தையின் கால்மேல் சக்கரம் ஏறப் பார்த்தது. இரண்டாவது தடவை, சாய்ந்த கூடையிலிருந்து தக்காளி உருண்டு ஓட, சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை அவரே வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். நடந்து நடந்துதான் ஒரு யோசனை தெளிந்தது. லேனின் பின்பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வழியாக லாரி உள்கோடி வரைக்கும் வந்து திரும்ப முடியும். தடையாக இருப்பது அங்கே போட்டிருக்கும் மூன்று தட்டுக்கடைகள்தான். அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, உள்கோடியை மட்டும் எட்டு மணிவரை வண்டிக்குத் திறந்துவிட்டால் போதும். முன்பக்கம் இப்போது இருக்கிறபடியே நடக்கும். லாரி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூன்று இடங்களையும் பழையபடி தட்டுக்கடைகளுக்கே விடலாம்.

அந்த மூன்றில் இரண்டு மருதாணிக்காரியும் கைபேசி உறை விற்கும் பையனும் வைத்திருப்பவை. மூன்றாவது ஃபஸீலாவுடையது.

பரீதா அனுப்ரியாவை அழைத்துத் தன் யோசனையைச் சொன்னார். விதிகளுக்குள்தான் இருக்கிறது, குழு ஒப்புக்கொண்டால் செய்யலாம் என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். பரீதாவின் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. இந்த முன்னோட்டம் நன்றாகப் போக வேண்டும் என்ற கவலையும் உண்டு.

"ஆன்ட்டி, உங்க சிஸ்டர் விஷயம் வேற இருக்கு. வேணும்னா நாங்க ஒரு லெட்டர் அனுப்பிடறோம். மேலேருந்து வந்த முடிவுன்னு இருந்தா யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பரீதாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கடிதம் வந்தால் போதும். தங்கை அரசாங்கத்தைத் திட்டுவாள். மருதாணிக்காரியும் கைபேசி உறை விற்கும் பையனும் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். பரீதாவும் அவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டம் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"வேணாம் பிள்ள" என்றார். "கெட்ட பேருக்குப் பயந்து இன்னிக்கு உங்க லெட்டர வாங்கிக்கிட்டா, நாளைக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் உங்க லெட்டர் வரட்டும்னுதான் உக்காந்திருக்கணும். இது நாங்க எடுத்த முடிவு. தப்பா எடுத்ததும் நாங்கதான். நானே சொல்லிக்கிறேன்."

அன்று இரவு, தட்டுக்கடைகள் மூடிய பிறகு, ஃபஸீலாவின் வீட்டுக்குப் போனார். அடுத்த நாளுக்காக ஃபஸீலா கறிபாப்புக்கு மாவைத் திரட்டிக்கொண்டிருந்தாள். பரீதா சுற்றி வளைக்காமல் சொன்னார். ஃபஸீலாவின் கை நின்றது.

"லாத்தா, தலைவி நீதானே? முன்னால ஒரு எடத்த எனக்கு மாத்திக் குடுக்க முடியாதா?"

"முன்னால இருக்கிறவங்களுக்கும் சீட்டுப் போட்டுத்தானே எடம் விழுந்துச்சு. யாரப் போயி எழுந்திரிக்கச் சொல்லச் சொல்றே?"

ஃபஸீலா மாவை மறுபடி பிசைந்தாள். பரீதா ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை.

"கவர்மெண்டா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வேற வேல பாத்திருப்பேன். ஒன்ன என்ன சொல்லித் திட்டுறது?" என்றாள்.

பரீதா தே குடிக்காமலேயே கிளம்பினார். ரயிலில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எடுத்த முடிவு சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

குழுக்கூட்டத்தைச் சமூக மன்றத்தில் வைக்காமல் லேனிலேயே, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்தார். யாரும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். தன் முதல் முடிவில் தவறியது என்ன என்பதை அவரே முதலில் சொன்னார். ஐந்து மணி என்று வாக்களித்தபோது லாரி எங்கே நிற்கும் என்று தான் போய்ப் பார்க்கவில்லை என்றார். மருதாணிக்காரி கோபமாகப் பேசினாள். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டாள். கைபேசி உறை விற்கும் பையன், முன்னால் ஓர் இடம் காலியானால் தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றான். அது நியாயம் என்று சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் தங்கையும் போகிறாரா என்று ஒருவர் கேட்டார். போகிறாள் என்றார் பரீதா. இந்தத் தடவை வாக்கெடுப்பில் ஒரே ஒரு கைதான் எதிர்த்து உயர்ந்தது. அது குழுவில் இருந்த மிஸ்டர் கோவுடையது. இரவு எட்டு மணிவரை லாரிச் சத்தம் மேல்மாடியில் இருக்கும் தன் வீட்டுச் சன்னலுக்குக் கீழே கேட்கும் என்றார். அதற்கும் அன்று தீர்வு கிடைக்கவில்லை. பதிவு செய்துகொள்கிறோம் என்று சொல்ல வாயெடுத்த பரீதா, அடுத்த மாதம் இதையே முதலில் எடுப்போம் என்று மாற்றிச் சொன்னார். அடுத்த மாதம் எடுக்கவும் செய்தார்கள். லாரி நின்றதும் இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்று முடிவானது. சுந்தரேசனின் ஓட்டுநர் பாதி நாள் மறந்துபோவார். மிஸ்டர் கோ சன்னலைத் திறந்து மலாயில் நினைவூட்டுவார்.

உள்கோடியில் சரக்கு இறங்கியது. போன உணவகங்களில் ஒன்று திரும்பி வந்தது, மற்றொன்று வரவில்லை. ஒரு காலையில் சுந்தரேசன் தேக்கடையில் வந்து நின்று, பரீதாவுக்கும் சேர்த்துத் தே சொன்னார்.

ஃபஸீலா நான்கு மாதம் பேசவில்லை. பெருநாளைக்கு வந்தாள், சாப்பிட்டாள், ரஃபீக்கிடம் மட்டும் சிரித்துப் பேசிவிட்டுப் போனாள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீதா கடை வாசலில் நின்றபோது, உள்கோடியில் யாரோ மேசை விரிப்பதைப் பார்த்தார். ஃபஸீலாதான். ஞாயிற்றுக்கிழமைதான் லிட்டில் இந்தியாவில் சனம் பொங்கும் நாள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல வந்த அக்காமேல் கோபம் தணியத்தான் நாள் ஆனது. இரவு ஏழு மணிக்குள் கறிபாப் தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டை அவள் பரீதா கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வருடம் முடிந்ததும் அமைப்பிலிருந்து மேலதிகாரிகள் வந்து மதிப்பீடு செய்தார்கள். திட்டத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பதாகச் சொன்னார்கள். வேறென்ன வேண்டும் என்று மரியாதைக்குக் கேட்டார்கள். சாக்கடை வேண்டும் என்றார் பரீதா. கேட்டவர் புரியாமல் விழித்தார். மழை பெய்தால் தண்ணீர் ஏறுவது எங்கள் கடைக்குள். அடைப்பெடுக்க மட்டும் இன்னோர் இடத்துக்கு எழுதிப்போட வேண்டுமா என்று அவர் விளக்கினார். அது பெரிய வடிகால் கட்டமைப்போடு இணைந்தது, அத்தனை சுலபமில்லை என்றார்கள். மூடிகளையும் அடைப்பெடுப்பதையும் மட்டுமாவது கொடுங்கள் என்றார். பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் குழுவுக்குத் தேர்தல் வந்தது. இந்தத் தடவை தலைமைக்கு இருவர் நின்றார்கள். பரீதா, சுந்தரேசன். அவர் நிற்பார் என்று பரீதா எதிர்பார்க்கவில்லை. இதுல பகையெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி, நானும் செஞ்சு பாக்கிறேன் என்று முன்கூட்டியே வந்து சொன்னார். மூன்று வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். பரீதாவுக்கு வலித்தது. வீட்டுக்குப் போய் ரஃபீக்கிடம், இவ்வளவு செய்தவளுக்கு இதுவா என்று புலம்பினார். ரஃபீக் பொறுமையாகக் கேட்டார். வண்டி உன்னோட ரூட்லதானே இன்னும் ஓடுது, ஓட்டுறது யாரா இருந்தா என்ன என்று மட்டும் சொன்னார். பேருந்து ஓட்டுநருக்கு வேறு என்ன ஆறுதல் தெரியும் என்று பரீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழு உறுப்பினராகத் தொடர்ந்தார். சாக்கடைப் பொறுப்பைக் கேட்டு வாங்கும் வேலையைச் சுந்தரேசன் அவரிடமே கொடுத்தார். வாங்குவதற்கு ஏழு மாதம் பிடித்தது. மூடிகளும் அடைப்பும் லேனின் கைக்கு வந்தன.

சமீபத்தில் செம்பவாங்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கும் ஒரு பழைய கடைவரிசையில், இதேபோல் பொறுப்பு வாங்கிக்கொள்ளலாமா என்று குடியிருப்பாளர்கள் யோசித்தார்கள். ஹார்லி லேனிலிருந்து யாராவது வந்து பேச வேண்டும் என்று அனுப்ரியா கேட்டாள். சுந்தரேசனும் பரீதாவும் சேர்ந்து போனார்கள். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, அரசாங்கமே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறது, இந்தத் தலைவலி நமக்கு எதற்கு என்று கேட்டாள்.

"தலவலிதான்" என்றார் பரீதா. "பக்கத்துக் கடைக்காரரு மொகம் குடுத்துப் பேச மாட்டாரு. கூடப்பொறந்தது கோவிச்சுக்கும். ஆனா தப்பு பண்ணா யாருக்கும் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்ல. அடுத்த வாரமே திருத்திக்கலாம்."

சுந்தரேசன் ஒலிவாங்கியை வாங்கி, அடுத்த வாரம் இல்லை, நாலாவது மாதம் என்று திருத்தினார். நாலு மாதம் ஆகவில்லை, அவ்வளவு நாளும் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தீர்கள் என்றார் பரீதா. எழுதிக் கொடுத்தேனே என்றார் அவர். அங்கிருந்து பேச்சு, சனிக்கிழமைகளில் லேனை எத்தனை மணிக்கு மூடுவது என்ற இப்போதைய சண்டைக்குப் போய்விட்டது. கூட்டத்தினர் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற அனுப்ரியாவுக்குத்தான் வியர்த்தது. ஆனால் கேள்வி கேட்ட பெண் போகும்போது குழுவில் சேரப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

திரும்பும்போது இருவரும் ரயிலேறினார்கள். பீஷான் நிலையத்தில் ரயில் மாறும்வரை சுந்தரேசன் தன் பக்கத்துக் காரணங்களைச் சொன்னார். சிராங்கூன் நிலையத்தில் மாறும்வரை பரீதா தன் பக்கத்தைச் சொன்னார். சனிக்கிழமை விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன், பள்ளி விடுமுறை மாதத்தில் மட்டும் முடியாது என்று கடைசியில் முடித்தார். அதைக் கமிட்டியில் வையுங்கள் என்றார் தலைவர். வைக்கத்தான் போகிறேன் என்றார் பரீதா. ஃபேரர் பார்க்கில் கதவு திறந்தது. இருவரும் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.